வெப்பம் கூடினால் விளைச்சல் ஏன் குறைகிறது? இலை, பூ, இரவு

கேள்வி இதுதான்: “சூடு ஏறினால் வேதிவினைகள் வேகமாக நடக்கும் என்று பள்ளியில் படித்தோம். காற்றில் கார்பன் டை ஆக்சைடும் கூடிக்கொண்டே போகிறது, செடிக்கு அதுதானே உணவு? அப்படியானால் பயிர் இன்னும் செழிக்கத்தானே வேண்டும்? விளைச்சல் குறையும் என்று ஏன் சொல்கிறார்கள்?”

கேள்வியில் சொல்லியிருக்கும் இரண்டும் உண்மைதான். ஆனால் அதற்குள் சொல்லப்படாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: இலை நன்றாக வேலை செய்தால் விளைச்சல் தானாக வந்துவிடும் என்ற எண்ணம். கணக்கு பிசகுவது அங்கேதான். இலை தாங்கிக்கொள்ளும் சூட்டில் பூ மலடாகிவிடலாம். பகல் முழுக்க இலை சம்பாதித்ததில் ஒரு பங்கை வெப்பமான இரவு செலவழித்துவிடலாம். இவை இரண்டும் நடக்காவிட்டாலும், பயிர் அவசரமாக முதிர்ந்து மணி நிரம்பும் முன்பே காய்ந்துவிடலாம். ஒளிச்சேர்க்கையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

ஒளிச்சேர்க்கையை இரண்டு கட்டங்களாக நினைத்துக்கொள்ளலாம். முதல் கட்டத்தில் பச்சையம் வெளிச்சத்தைப் பிடிக்கிறது, நீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது, ஆற்றல் சேமிக்கப்படுகிறது. அந்த ஆற்றலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாகக் கட்டுவது இரண்டாம் கட்டம். அதன் பாதையைக் கண்டுபிடித்தவர்கள் மெல்வின் கால்வினும் அவரோடு வேலை செய்த பென்சன், பாஷாம் ஆகியோரும். கால்வினுக்கு 1961இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பாதையின் வாசலில் நிற்கும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். காற்றிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து உள்ளே சேர்ப்பது அதன் வேலை.

ரூபிஸ்கோவுக்கு ஒரு குறை உண்டு. கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துவிடும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், கார்பன் டை ஆக்சைடோ 0.04 சதவீதம்தான். அதனால் 25 டிகிரி போன்ற இதமான சூட்டில்கூட ஏறத்தாழ நான்கில் ஒரு முறை அது தவறான வாயுவைப் பிடிக்கிறது. பிடித்துவிட்டால் செடிக்கு உதவாத ஒரு பொருள் உருவாகும். அதைச் சரிசெய்ய ஆற்றலைச் செலவழிக்க வேண்டும், முன்பு சேர்த்த கார்பனில் ஒரு பகுதியையும் திரும்ப வெளியே விட வேண்டும். இதைத்தான் ஒளிச்சுவாசம் என்கிறார்கள். சூடு ஏறும்போது இந்தத் தவறு கூடுகிறது. அதற்கு இரண்டு காரணங்கள். இலைக்குள் இருக்கும் நீரில் இரண்டு வாயுக்களும் கரைவது குறைகிறது, ஆனால் கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைவிட வேகமாகக் குறைகிறது. அப்புறம், இரண்டையும் பிரித்தறியும் திறனும் நொதிக்கு மங்கிப்போகிறது. ஆக, வினை வேகமாகத்தான் நடக்கிறது. வேகமாக நடப்பதில் வீண் வினையின் பங்கு கூடிவிடுகிறது.

இதற்கு மேல் இன்னொரு பலவீனம் இருக்கிறது, பலர் கேள்விப்படாதது. ரூபிஸ்கோ தானாகவே நல்ல சூட்டைத் தாங்கும், 50 டிகிரியைத் தொட்டாலும் எளிதில் குலையாது. ஆனால் அதன்மேல் அடிக்கடி சில சர்க்கரைச் சேர்மங்கள் வந்து ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கும். அவற்றை எடுத்துவிட்டு ரூபிஸ்கோவை மீண்டும் தயார் செய்ய ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் என்ற துணைப் புரதம் இருக்கிறது. சூட்டைத் தாங்காதது இந்தத் துணைதான். மிதமான தட்பவெப்பத்துக்குப் பழகிய பயிர்களில் 30 டிகிரிக்கு மேல் போகப் போக இது தளரத் தொடங்குகிறது. இலையைப் பார்த்தால் பச்சையாக, ஆரோக்கியமாகத்தான் தெரியும். உள்ளே ரூபிஸ்கோவில் கணிசமான பங்கு அடைபட்டு நிற்கும். அண்டார்க்டிகாவில் வளரும் ஒரு புல்லையும் வட அமெரிக்கப் பாலைவனத்தில் வளரும் ஒரு புதரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, புல்லின் ஆக்டிவேஸ் குறைந்த சூட்டிலேயே குலைந்தது, புதரின் ஆக்டிவேஸ் அதைவிட அதிகச் சூடு தாங்கியது. தாவரம் எந்தச் சூழலில் வளர்ந்து பழகியது என்பது இந்த ஒரு புரதத்தில் எழுதியிருக்கிறது என்றே சொல்லலாம்.

40, 45 டிகிரி என்று இலையே கொதிக்கும் நிலைக்குப் போனால் முதல் கட்டமும் அடிபடும். நீரைப் பிளக்கும் அமைப்பு குலையும், பசுங்கணிகத்தின் உள்சவ்வுகள் கசியத் தொடங்கும். ஆனால் பயிர் இழப்பில் பெரும்பகுதி இந்த எல்லைக்கு வெகு முன்பே நடந்துவிடுவதால் இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் வெப்பத்தைப் பற்றிப் பேச முடியாது. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. காற்றில் ஈரப்பதம் அதற்கேற்பக் கூடாவிட்டால் அதன் தாகம் அதிகமாகும், இலையிலிருந்து நீரை இழுக்கும் வேகமும் அதிகமாகும். வேரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோது இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். நீர் வெளியே போகும் வழியும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும் வழியும் ஒன்றுதான் என்பதால் ஒளிச்சேர்க்கையும் உடனே தளரும். நீராவிப்போக்குதான் இலையைக் குளிர வைக்கும் ஏற்பாடும். துளை மூடினால் இலை சூடாகும், சூடானால் ஒளிச்சுவாசம் கூடும். நன்றாக நீர் பாய்ந்த வயலின் இலை, வறண்ட காற்றில் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். தண்ணீர் இல்லாத பக்கத்து வயலில் அதே நேரத்தில் இலை காற்றைவிடச் சூடாக இருக்கும். வானிலை அறிக்கை சொல்லும் எண் இரண்டுக்கும் ஒன்றே. பயிர் உணரும் எண் வேறு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். எல்லாப் பயிரும் இப்படி இல்லையே? ஆமாம். நெல், கோதுமை, சோயா, உருளைக்கிழங்கு, பருத்தி எல்லாம் சி3 வகை, அதாவது ரூபிஸ்கோவே நேரடியாகக் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் வகை. இப்போது சொன்ன பலவீனங்கள் அவற்றுக்கு முழுமையாகப் பொருந்தும். மக்காச்சோளம், சோளம், கம்பு, கரும்பு ஆகியவை சி4 வகை. இந்தப் பாதையை 1960களில் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவரும் தெளிவாக்கினார்கள். இவற்றின் இலையில் கார்பன் டை ஆக்சைடை முதலில் பிடிப்பது வேறொரு நொதி. அது ஆக்சிஜனோடு குழப்பிக்கொள்வதில்லை. பிடித்ததை இலை நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குள் கொண்டுபோய் விட, ரூபிஸ்கோ அங்கே கார்பன் டை ஆக்சைடு செறிந்த இடத்தில் வேலை செய்கிறது. ஒளிச்சுவாசம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதனால் சி3 இலைகள் பொதுவாக 20 முதல் 30 டிகிரிக்குள் சிறப்பாக இயங்க, சி4 இலைகள் 30க்கு மேலும் உற்சாகமாக இயங்கும்.

சரி, அப்படியானால் வெப்பத்தில் மக்காச்சோளம்தானே குறைவாக இழக்க வேண்டும்? 2017இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, கணினிப் பயிர் மாதிரிகள், வயல்வெளிச் சோதனைகள், புள்ளியியல் ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது. உலகச் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் உலக விளைச்சல் கோதுமையில் 6.0 சதவீதமும், நெல்லில் 3.2 சதவீதமும், சோயாவில் 3.1 சதவீதமும் குறையும் என்றது. மக்காச்சோளத்துக்கு வந்த எண் 7.4 சதவீதம். நான்கில் அதுதான் அதிகம். கார்பன் டை ஆக்சைடு தரும் நன்மையையும், புதிய ரகங்கள், சாகுபடி முறை மாற்றங்கள் போன்றவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது இருக்கட்டும். வெப்பத்துக்கு ஏற்ற இலையைக் கொண்ட பயிர் அதிகமாக இழக்கிறது என்றால், இழப்பு நடக்கும் இடம் இலை மட்டும் இல்லை என்று தெரிகிறது அல்லவா? அமெரிக்க வயல் தரவுகளை வைத்து 2009இல் வந்த ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது. மக்காச்சோளத்துக்கு 29 டிகிரி வரையும், சோயாவுக்கு 30 வரையும், பருத்திக்கு 32 வரையும் வெப்பம் விளைச்சலைக் கூட்டுகிறது. அதைத் தாண்டிக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் விளைச்சலைச் செங்குத்தாக இறக்குகிறது. ஏறியது மெதுவாக, இறங்குவது வேகமாக.

இனி பூ. என்னைக் கேட்டால் இந்தப் பிரச்சினையின் நடு இடம் இதுதான்.

நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் திறக்கிறது. ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய, அவ்வளவுதான் அதன் ஆயுள். அந்த நேரத்துக்குள் மகரந்தப்பை வெடித்து, மகரந்தம் சூல்முடியில் விழுந்து, முளைத்து உள்ளே இறங்க வேண்டும். மகரந்தம் வெளியே உயிரோடு இருப்பது சில நிமிடங்கள். அந்த வேளையில் பூவின் சூடு 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தப்பை சரியாக வெடிப்பதில்லை, விழும் மகரந்தம் போதாது, விழுந்ததும் முளைப்பதில்லை. ஒரு மணி நேரச் சூடு போதும், அந்தப் பூ பதராகிவிடும். அன்றைக்கு மாலையிலேயே மழை பெய்து குளிர்ந்தாலும் அந்த மணி திரும்பி வராது. இலை அப்படி இல்லை, மதியம் தளர்ந்த இலை மறுநாள் காலையில் மீண்டும் வேலைக்கு வந்துவிடும். ஒரு கதிரில் பூக்கள் சில நாட்களாக அடுத்தடுத்துப் பூப்பதால் எல்லாம் ஒரே நாளில் போவதில்லை. அந்தச் சில நாட்களும் தொடர்ந்து சூடாக இருந்தால்தான் கதிர் மணி பிடிக்காமல் நிமிர்ந்தே நிற்கும், தலை சாயாது.

இதிலும் ஈரப்பதம் குறுக்கே வருகிறது. ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியில் காற்று 40 டிகிரியை ஒட்டிப் போகும் நாட்களிலும் நெல்லில் பதர் அதிகம் விழுவதில்லை என்று கவனித்திருக்கிறார்கள். காற்று அவ்வளவு வறண்டது, வயலில் தண்ணீர் நிற்கிறது, கதிரிலிருந்து நீர் ஆவியாகி அதைக் காற்றைவிடப் பல டிகிரி குளிர வைத்துவிடுகிறது. ஈரப்பதம் நிறைந்த காற்றில் இந்தக் குளிர்ச்சி கிடைக்காது. அங்கே 36 டிகிரிகூட நெல்லுக்குக் கொடுமை. எத்தனை டிகிரியில் பயிர் கெடும் என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல நான் தயங்குவது இதனால்தான்.

மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில், பெண் பூவின் பட்டு இழைகள் தண்டின் நடுவில். வெப்பமும் வறட்சியும் சேரும்போது பட்டு இழை வெளிவருவது தாமதமாகிறது. மேலே மகரந்தம் கொட்டி முடிந்த பிறகு கீழே இழை எட்டிப் பார்க்கிறது. கதிரில் மணிகள் ஆங்காங்கே விட்டுவிட்டுப் பிடித்திருப்பதன் காரணங்களில் இது ஒன்று. தக்காளியில் இரவு சூடாக இருந்தால் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்கிறது. உருளைக்கிழங்கில் பூவைவிடக் கிழங்குதான் பிரச்சினை. இரவு குளிராவிட்டால் கிழங்கு கட்டுவதற்கான சமிக்ஞையே தளர்ந்து, செடி தழையாகவே வளர்ந்துகொண்டு போகும்.

அடுத்தது காலம். பயிருக்கு நாட்காட்டி கிடையாது, அது வெப்பத்தைக் கூட்டிக்கூட்டி நாளை எண்ணுகிறது. ஒரு கணக்குக்கு, மணி நிரம்பும் பருவத்தை முடிக்க ஒரு கோதுமை ரகத்துக்கு மொத்தம் 700 டிகிரி நாட்கள் (ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டி வரும் தொகை) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தினசரிச் சராசரி 20 டிகிரி என்றால் அது 35 நாட்களில் நிறைவேறும். 22 டிகிரி என்றால் 32 நாட்கள்கூட ஆகாது. மூன்று நாள் வெயிலை இலை சர்க்கரையாக்கி மணிக்கு அனுப்பும் வாய்ப்பு போய்விட்டது. இலை இந்த இழப்பை ஈடுகட்ட அதற்கேற்ற வேகத்தில் உழைக்க வேண்டும், அதுவோ வெப்பத்தில் முன்னைவிடத் தளர்ந்திருக்கிறது. அத்துடன் மணிக்குள் சர்க்கரையை மாவாக மாற்றும் ஒரு முக்கிய நொதியும் சூட்டில் வலுவிழக்கிறது. கோதுமையில் மணி சுருங்குகிறது. அரிசியில் மாவு நெருக்கமாக அடையாமல் இடையில் காற்று நிற்பதால் மணி கண்ணாடிபோல் இல்லாமல் சுண்ணாம்புபோல் வெளுக்கிறது, அரைக்கும்போது நொறுங்குகிறது. 2022 மார்ச்சில் இந்தியாவில் வழக்கத்துக்கு மீறிய வெப்பம் வந்தபோது கோதுமை சரியாக இந்தப் பருவத்தில் இருந்தது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது, மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதே வெப்பம் அறுவடைக்குப் பிறகு வந்திருந்தால் அந்த ஆண்டுக் கோதுமைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இரவைப் பற்றி முன்பே சொன்னேன். ஒளிச்சேர்க்கை பகலில் மட்டும்தான், சுவாசம் இருபத்து நான்கு மணி நேரமும். சூடு 10 டிகிரி கூடினால் சுவாச வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். பயிர் சில நாட்களில் ஓரளவு பழகிக்கொள்வதால் வயலில் அந்த உயர்வு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் செலவு செலவுதான். பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் பதிவுகளை வைத்து 2004இல் வந்த ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்றது. அங்கே 1979 முதல் 2003 வரை இரவு வெப்பம் 1.13 டிகிரி ஏறியிருந்தது. பகல் உச்ச வெப்பம் ஏறியது அதைவிடக் குறைவு. பிறகு 2010இல் ஆறு ஆசிய நாடுகளில் 227 வயல்களை எடுத்துப் பார்த்த ஆய்விலும் இரவு வெப்பம் விளைச்சலைக் குறைத்தது, பகல் வெப்பம் அந்த வயல்களில் பதிவான வரம்புக்குள் கூட்டவே செய்தது. இதில் சுவாசத்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது, சூடான இரவு பருவத்தையும் சுருக்குகிறது, மகரந்தத்தையும் பாதிக்கிறது. ஆனால் பத்திரிகைகளில் பகல் உச்ச வெப்பம் மட்டுமே தலைப்புச் செய்தியாவதைப் பார்க்கும்போது, இரவின் எண்ணையும் யாராவது பெரிய எழுத்தில் போட மாட்டார்களா என்று தோன்றும்.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தொழில் புரட்சிக்கு முன் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. சி3 பயிருக்கு இது உண்மையாகவே உதவுகிறது. ரூபிஸ்கோவின் தவறு குறைகிறது, இலைத்துளைகள் சற்று மூடியிருந்தாலும் போதிய வாயு கிடைப்பதால் தண்ணீரும் மிச்சமாகிறது. ஒளிச்சேர்க்கை உச்சத்தைத் தொடும் வெப்பநிலைகூடக் கொஞ்சம் மேலே நகர்கிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் மூடிய அறைகளில் கிடைத்த அளவு ஆதாயம், திறந்த வயலில் குழாய் வைத்து வாயுவைச் செலுத்திப் பார்த்தபோது கிடைக்கவில்லை. சி4 பயிர்களுக்குத் தண்ணீர் போதுமான நேரத்தில் இதனால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. நெல்லிலும் கோதுமையிலும் மணியில் புரதம், துத்தநாகம், இரும்பு ஆகியவை குறைகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பதரான பூவுக்கு எவ்வளவு சர்க்கரை அனுப்பி என்ன பயன்? கார்பன் டை ஆக்சைடு தரும் உதவி இலையில் முடிகிறது, வெப்பத்தின் பெரிய அடி பூவில் விழுகிறது.

வெப்பம் எல்லா இடத்திலும் நஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். குளிர் நீண்டிருக்கும் வட பகுதிகளில் சாகுபடிக் காலம் நீளும், புதிய பயிர்கள் சாத்தியமாகும். ஆனால் 2010 கோடையில் ரஷ்யாவில் வந்த வெப்ப அலையும் வறட்சியும் கோதுமையைச் சாய்த்து அந்த நாடு ஏற்றுமதியை நிறுத்தியதை மறக்க முடியாது. குளிர்நாடு என்பது பாதுகாப்புச் சீட்டு இல்லை. பூச்சிகளின் பசியும் இனப்பெருக்கமும் சூட்டோடு கூடும் என்பதும் தனியாக ஒரு கவலை.

என்ன செய்யலாம்? விதைப்பு நாளை நகர்த்திப் பூக்கும் நாட்களை உச்சச் சூட்டிலிருந்து விலக்குவது முதல் வழி, செலவும் குறைவு. பூக்கும் வாரத்தில் வெப்ப அலை வருகிறது என்று முன்னறிவிப்பு வந்தால், தண்ணீர் இருக்கும் பட்சத்தில் முன்கூட்டியே பாய்ச்சி வைப்பது பயிரின் சூட்டைச் சில டிகிரி இறக்கும். குறுகிய கால ரகம் வெப்பத்திலிருந்து தப்பிக்கும், ஆனால் ஏற்கெனவே சுருங்கிய காலத்தை அது இன்னும் சுருக்கும். சூடு மெல்ல மெல்லப் பரவலாக ஏறும் இடங்களில், கூடுதல் வெப்பக் கூட்டல் தேவைப்படும் ரகத்தை எடுத்தால் பழைய நாட்கணக்கே திரும்பக் கிடைக்கும் என்பது என் கருத்து.

ஆய்வகங்களில் இலையைச் சீர்திருத்தும் பெரிய முயற்சிகளும் நடக்கின்றன. ஒளிச்சுவாசத்துக்குக் குறுக்குவழி போட்ட புகையிலைச் செடிகள் வயலில் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் எடை தந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். பிறகு அதே வழியில் மாற்றிய உருளைக்கிழங்கு, வெப்ப அலை தாக்கிய பருவத்தில் 30 சதவீதம் கூடுதல் கிழங்கு தந்தது. நெல்லைச் சி4 ஆக மாற்றும் திட்டம் 2008 முதல் நடக்கிறது, அதற்கு இன்னும் நீண்ட தூரம் இருக்கிறது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது இவற்றைவிட எளிய ஒன்று. ஒரிசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் இனம் விடியலை ஒட்டியே பூத்துவிடும். அதன் மரபணுப் பகுதி ஒன்றைப் பயிரிடும் நெல்லுக்குக் கொண்டுவந்தபோது பூ திறக்கும் நேரம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னே நகர்ந்தது. இலையில் எந்த மாற்றமும் இல்லை, நொதியைத் தொடவில்லை. காற்று 35ஐ எட்டும் முன்பே பூ திறந்து, மகரந்தம் விழுந்து, மூடிவிடுகிறது. சூடான இரவுக்கு மட்டும் இப்படி ஒரு எளிய விலகல் இதுவரை கிடைக்கவில்லை.